யெஸ் இசைக்குழு: எது சிறந்த ஆல்பம், எது மோசமான ஆல்பம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யெஸ் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அது கடைசியில் ஒரு பட்டியலில்தான் போய் நிற்கும். எது உச்சம், எது அடிமட்டம், எது அநியாயமாகக் கீழே மாட்டிக்கொண்டது என்று மணிக்கணக்கில் பேசலாம். புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களும் பல வருடமாகக் கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ரசிகர்களின் பொதுக்கருத்து என்ன, என் கருத்து என்ன என்பதைத் தனித்தனியாகவே சொல்கிறேன்.

யெஸ் என்பது யார்? இவர்களுடைய ஆல்பங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வாக்குவாதம்?

1968-ல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் ஸ்கொயரும் சேர்ந்து தொடங்கிய புரோக்ரசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள பாடல்களைச் செய்யும் ராக்) குழு. டிரம்ஸில் பில் ப்ரூஃபோர்ட், கிடாரில் பீட்டர் பேங்க்ஸ், ஆர்கனில் டோனி கே. முதல் ஆல்பம் 1969-ல் வந்தது. அப்போதிருந்து 2023-ல் வந்த 'மிரர் டு தி ஸ்கை' வரை, பாதி மேடைப் பதிவாக வந்த இரண்டையும் சேர்த்தால், 23 ஸ்டுடியோ ஆல்பங்கள். ஜப்பானிய அனிமே பார்ப்பவர்களுக்கு இவர்களைத் தெரியாமலே தெரிந்திருக்கும். 'ஜோஜோஸ் பிஸார் அட்வென்சர்' தொடரின் முடிவில் ஒலிக்கும் அந்தக் கிடார், இவர்களுடைய 'ரவுண்டபவுட்' பாட்டின் தொடக்கம்தான்.

வாக்குவாதத்துக்குக் காரணம் ஆள் மாற்றம். கிடார் கலைஞர் மாறினார், கீபோர்டு கலைஞர் பலமுறை மாறினார், ஒரு கட்டத்தில் பாடகரே மாறினார். 2014 வரை எல்லா ஆல்பங்களிலும் இருந்தவர் ஸ்கொயர் ஒருவர்தான். ஆக 1972-ன் யெஸ் வேறு குழு, 1983-ன் யெஸ் வேறு குழு. முதலாவதைக் காதலிப்பவருக்கு இரண்டாவது எரிச்சலாக இருக்கலாம். இரண்டு பேரும் அதே பெயரைச் சொல்லித்தான் சண்டை போடுகிறார்கள்.

நீங்கள் எந்த அளவுகோலை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள்?

ஒரே ஒரு அளவுகோல்தான். யெஸ்ஸில் பக்கவாத்தியம் என்று யாரும் கிடையாது. ஸ்கொயரின் பேஸ் கிடார் அடியில் பதுங்கி இருக்காது, முன்னால் வந்து தனி மெட்டாக ஓடும். டிரம்ஸ் தாளம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்காது. ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் பக்கம் இழுத்து, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு இசை வெளியே வந்தால் அது நல்ல யெஸ் ஆல்பம். ஒருவர் எழுதி மற்றவர்கள் இட்டு நிரப்பினால் சுமார். ஆளுக்கொரு ஊரில் இருந்து துண்டு துண்டாக அனுப்பி ஒட்டினால் மோசம். இந்த அளவுகோலில் பார்த்தால் பட்டியலின் பெரும்பகுதி தானாகவே ஒழுங்காகிவிடுகிறது. ஒரு ஆல்பம் மட்டும் இதற்கு அடங்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ரசிகர் பட்டியல்களில் எப்போதும் முதலில் வருவது எது?

'குளோஸ் டு தி எட்ஜ்', 1972. யெஸ்ஸின் ஆல்பங்களில் மட்டும் என்றில்லை, ஒட்டுமொத்த புரோக்ரசிவ் ராக்கிலும் சிறந்த ஆல்பம் எது என்று ரசிகர்களிடம் கேட்டாலும் இதன் பெயர் முதல் வரிசையில் வரும். எனக்கும் இதுதான் முதலிடம்.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

மொத்தம் மூன்றே பாடல்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் தலைப்புப் பாடல். மறுபக்கத்தில் 'அண்ட் யூ அண்ட் ஐ', 'சைபீரியன் காத்ரு'.

தலைப்புப் பாடலின் முதல் சில நிமிடங்களை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். பறவை ஒலியும் நீரோசையும் மெல்ல மெல்லப் பெருகி வரும். ஒரு நிமிடம் ஆனதும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குழு முழுவதும் பாய்ந்து விழும். பேங்க்ஸின் இடத்துக்கு வந்த ஸ்டீவ் ஹோவின் கிடார் ஒரு திசையில் கீறிக்கொண்டு ஓடும். ஸ்கொயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் வேறு திசையில் ஏறி இறங்கும். ப்ரூஃபோர்ட் இரண்டுக்கும் நடுவில் எங்கெங்கோ அடிப்பார். முதல்முறை கேட்கும்போது ஆளாளுக்கு வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கொந்தளிப்பின் நடுவே திடீரென்று எல்லாம் அறுந்து, மூன்று குரல்கள் மட்டும் 'ஆ' என்று ஒரு கணம் நிற்கும். உடனே மறுபடி பாய்ச்சல். அந்த நிறுத்தம்தான் சாட்சி. இவ்வளவு குழப்பமாகத் தெரிவது அத்தனையும் அங்குலம் அங்குலமாகத் திட்டமிட்டது.

பாட்டின் நடுப்பகுதியில் வேகம் அடங்கி, இரண்டு குரல் வரிகள் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லிக்கொண்டு மிதக்கும். அதன் உச்சியில், டோனி கேயின் இடத்துக்கு வந்த கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனின் பெரிய குழாய் ஆர்கன் வந்து இறங்கும். லண்டனில் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் இருக்கும் ஆர்கன் அது. ஸ்டுடியோவில் செய்த மற்ற பகுதிகளோடு அதை இழையே தெரியாமல் இணைத்தவர் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட். பாட்டு முழுவதையும் அவர்கள் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. சில வினாடி, சில வினாடியாக உருவாக்கி, நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் விவாதம். அந்த விவாதங்களில் சலித்துப்போன ப்ரூஃபோர்ட், ஆல்பம் கடைக்கு வருமுன்பே குழுவை விட்டு கிங் கிரிம்சன் என்ற இன்னொரு புரோக்ரசிவ் ராக் குழுவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்த ஆலன் ஒயிட் மூன்றே நாளில் எல்லாப் பாடல்களையும் படித்துக்கொண்டு அமெரிக்க மேடை ஏறினார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தொடர்பும் உண்டு. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த தாக்கத்தில் எழுந்தது இந்தப் பாடல். திருலோக சீதாராமின் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த நாவலைப் படித்தவர்களுக்கு ஆற்றங்கரைப் பகுதி நினைவிருக்கும். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் நீரோசைக்கு அந்த நினைவு நல்ல துணை.

'ஃப்ராஜைல்' ஏன் முதலிடத்துக்கு வரக்கூடாது?

வரலாம் என்று சொல்பவர்கள் நிறைய. 1971-ன் கடைசியில் வந்த ஆல்பம். வேக்மன் சேர்ந்த முதல் ஆல்பமும், ஓவியர் ரோஜர் டீன் அட்டை வரைந்த முதல் யெஸ் ஆல்பமும் இதுவே. அமெரிக்காவில் இவர்களைப் பெரிய குழுவாக்கிய 'ரவுண்டபவுட்' இதில்தான் இருக்கிறது. 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்' பாட்டின் முதல் மூன்று நிமிடங்களைக் கேட்டுவிட்டு ஸ்கொயரை மறக்க முடியாது.

ஆனால் ஒன்பது உருப்படிகளில் நான்குதான் குழுவாகச் செய்தவை. மீதி ஐந்தும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட சின்னச் சின்ன உருப்படிகள். ஹோவின் 'மூட் ஃபார் எ டே' அழகு. வேக்மன் பிராம்ஸின் சிம்பொனிப் பகுதியை எடுத்துக் கீபோர்டில் செய்தது எனக்கு ஒட்டவே இல்லை. நான்கு பாடல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் உச்சம். முழு ஆல்பமாகப் பார்த்தால் நான்காவது இடம் தருவேன்.

'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' மேதைமையா, அளவு மீறிய வேலையா?

யெஸ் ரசிகர்களை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி இது. சிலருடைய பட்டியலில் இது முதல் மூன்றில் இருக்கும், சிலருடையதில் கடைசி மூன்றில். நடுவில் வைப்பவர்கள் குறைவு.

கதை இதுதான். 1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் திருமணத்தில் கிங் கிரிம்சனின் ஜேமி முயிர், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' பற்றி ஆண்டர்சனிடம் சொன்னார். அதே மாதம் டோக்கியோ ஹோட்டல் அறையில் அதைப் படித்த ஆண்டர்சன், 83-ஆம் பக்கத்தின் அடிக்குறிப்பில் போய் நின்றுவிட்டார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திர நூல்களின் நான்கு வகைகளைச் சொல்லும் குறிப்பு அது. நான்கு வகைக்கும் இசைத்தட்டின் நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. மொத்தம் 80 நிமிடத்துக்கு மேல். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் ஆண்டர்சனும் ஹோவும் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதன் வடிவத்தைத் தீர்மானித்தார்கள்.

வேக்மனுக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு இசைத்தட்டுக்கு மேல் சரக்கு இருந்தது, இரண்டுக்குப் போதவில்லை, அதனால் இழுத்து நீட்டினோம் என்பது அவர் பல வருடமாகச் சொல்லிவரும் வாதம். மான்செஸ்டர் கச்சேரியில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இந்தியச் சாப்பாடு வரவழைத்து, விந்தாலூவும் அப்பளமுமாக கீபோர்டுகளின் மேல் வைத்துச் சாப்பிட்டதாக அவரே சொல்லும் கதை ரசிகர்களிடையே பிரபலம். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் 1974-ல் விலகிவிட்டார். இத்தனைக்கும் பிரிட்டனில் இந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது.

நான் இதை மூன்றாவது இடத்தில் வைக்கிறேன். வேக்மன் சொல்வதில் பாதி உண்மை. இரண்டாவது பக்கமான 'தி ரிமெம்பரிங்' மெதுவாக நகர்கிறது. மூன்றாவதான 'தி ஏன்ஷியன்ட்' முதல் பாதியில் கிடாரும் தாளமும் கரடுமுரடாக மோதிக்கொண்டே இருக்கும், பலர் அங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் அதே பாட்டின் கடைசி ஐந்தாறு நிமிடங்களில் ஹோ தனியாக நைலான் தந்திக் கிடாரை எடுக்க, அதோடு சேர்ந்து ஆண்டர்சன் பாடும் சின்னப் பாட்டு, அதற்கு முன்னால் இருக்கும் கரட்டு வழி இல்லாமல் அத்தனை இனிக்காது. அதைத் தனியாக வெட்டிக் கேட்டுப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

நான்காவது பக்கமான 'ரிச்சுவல்' இந்தக் குழு செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று. முதலில் ஸ்கொயரின் பேஸ் தனியாகப் பேசும். பிறகு மெட்டு முழுவதும் விலகி, தாள வாத்தியங்கள் மட்டும் அலை அலையாக எழும். மேடையில் குழுவினர் சேர்ந்து தாள வாத்தியங்களை அடிப்பார்கள். கர்நாடகக் கச்சேரியில் பாட்டு நின்று தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது சிலர் காபி குடிக்கப் போவார்கள், சிலர் அதற்காகவே வந்திருப்பார்கள். இந்த இடமும் அப்படித்தான் ஆட்களைப் பிரிக்கிறது. அந்தத் தாளக் காடு அடங்கியதும் ஆண்டர்சனின் குரல் தணிந்து வரும்போது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்து கேட்டதற்கு முழுப் பலன் கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. சாஸ்திரம், புராணம் என்றதும் சிதாரையோ தபலாவையோ எதிர்பார்க்காதீர்கள். இந்திய இசையின் சாயல் இதில் அநேகமாக இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. படித்ததைத் தங்கள் சொந்த இசைமொழியில் சொல்ல முயன்றார்கள், அலங்காரத்துக்கு ஒரு சிதாரை மாட்டி வைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

'ரிலேயர்' கேட்டால் தலைவலிக்கிறது. அதை ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்?

1974-ன் முடிவில் வந்தது. வேக்மன் போன இடத்துக்கு சுவிட்சர்லாந்துக்காரரான பாட்ரிக் மோராஸ் வந்தார். ஜாஸ் பழகிய விரல்கள். சர்ரே பகுதியில் ஸ்கொயரின் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். முதல் பக்கம் முழுக்க 'தி கேட்ஸ் ஆஃப் டெலீரியம்', டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' கொடுத்த உந்துதலில் எழுந்த, ஏறக்குறைய 22 நிமிடப் பாட்டு.

தலைவலிப்பது நிஜம்தான். அதன் நடுப்பகுதி ஒரு போர்க்களம். பழைய கார் உதிரிபாகங்களைச் சட்டத்தில் தொங்கவிட்டு அடித்தார்கள். ஒரு கட்டத்தில் ஆலன் ஒயிட் அந்தச் சட்டத்தையே தள்ளிவிட்டதில் எழுந்த இரும்புச் சரிவும் பதிவில் அப்படியே இருக்கிறது. ஹோவின் கிடார் அலறும், மோராஸின் கீபோர்டு அதைத் துரத்தும். இவ்வளவுக்கும் பிறகு, போர் முடிந்த வெளியில் ஹோவின் ஸ்டீல் கிடார் நீண்ட ஒற்றைக் கோடாக எழுந்து, 'சூன்' என்ற பகுதியை ஆண்டர்சன் பாடத் தொடங்குவார். யெஸ்ஸின் மொத்தப் பாடல்களில் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கவைப்பது இந்த இடம் மட்டும்தான். அதனால் இதற்கு இரண்டாவது இடம். தலைவலித்தால் முதலில் 'டு பி ஓவர்' கேட்டுவிட்டு வாருங்கள், அது அமைதியான பாட்டு.

'அவேக்கன்' ஒரு பாட்டுக்காக 'கோயிங் ஃபார் தி ஒன்' ஆல்பத்தைத் தூக்கி வைப்பது சரியா?

சரிதான். 1977, பங்க் இசை பிரிட்டனைப் புரட்டிப் போட்ட வருடம். நீளப் பாட்டுக் குழுக்களுக்கு எதிர்காலமே இல்லை என்று பத்திரிகைகள் எழுதிய அதே நேரத்தில், வேக்மன் திரும்பி வந்து, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் பதிவு செய்த இந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் போனது. 'வண்டரஸ் ஸ்டோரீஸ்' அங்கே ஏழாவது இடம் வரை ஏறியது. 'அவேக்கன்' பாட்டில் கேட்கும் குழாய் ஆர்கன் பக்கத்து ஊரான வெவேயின் தேவாலயத்தில் இருந்தது. வேக்மன் அங்கே வாசிக்க, மற்றவர்கள் ஸ்டுடியோவில் வாசிக்க, டெலிபோன் கம்பி வழியாக இரண்டையும் இணைத்தார்கள். மற்ற நான்கு பாடல்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆறாவது இடம்.

'டோர்மேட்டோ' உண்மையிலேயே மோசமா?

என் அளவுகோலுக்கு அடங்காத ஆல்பம் என்று சொன்னேனே, அது இதுதான். 1978-ல் அதே ஐவர் ஒன்றாக உட்கார்ந்து செய்தார்கள். இழுபறியும் இருந்தது. ஆனால் இங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹோவும் வேக்மனும் ஒரே உயரத்தில் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், காதுக்கு மூச்சு விட இடமில்லை. போதாக்குறைக்கு ஒலிப்பதிவு மெலிந்து, நெரிந்து கிடக்கிறது. அட்டையில் தக்காளி ஒன்று சிதறிக் கிடக்கும், அதை வைத்தே ரசிகர்கள் வேண்டியமட்டும் திட்டியாகிவிட்டது.

இருந்தாலும் 'ஆன் தி சைலன்ட் விங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' தொடக்கத்தில் ஸ்கொயரும் ஒயிட்டும் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டுவிட்டு இதைக் கடைசி இடத்தில் வைக்க மனசு வராது. நடுப்பகுதிக்குக் கொஞ்சம் கீழே வைக்கலாம்.

ஜான் ஆண்டர்சன் பாடாத 'டிராமா'வை யெஸ் ஆல்பம் என்று சொல்லலாமா?

தாராளமாக. ஆண்டர்சனும் வேக்மனும் 1980-ல் விலகியதும், 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' பாட்டால் அப்போதுதான் பெயர் பெற்றிருந்த பகிள்ஸ் குழுவின் டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் உள்ளே வந்தார்கள். பாப் பாட்டுக்காரர்கள் இருவர் யெஸ்ஸில் சேர்வதை அன்றைய ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. மேடையில் ஆண்டர்சனின் உச்ச ஸ்தாயியை எட்ட ஹார்ன் சிரமப்பட்டதும் உண்மை.

ஆல்பமோ வேறு கதை. 'மெஷின் மெசையா' தொடங்கும் அந்தக் கனத்த கிடார் இதற்கு முன் எந்த யெஸ் ஆல்பத்திலும் இல்லாதது. 'டெம்பஸ் ஃபுஜிட்' பாட்டில் ஸ்கொயர் வாசித்ததைப் பேஸ் கற்பவர்கள் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புதியவர்கள் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது, பழையவர்கள் குழு செத்துவிடவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஆல்பத்துக்கு வேகம் கொடுத்தன. முன்பு பட்டியல்களின் அடியில் கிடந்தது, இப்போது வருடத்துக்கு வருடம் மேலே வருகிறது. என்னிடம் ஏழாவது.

'90125' துரோகமா?

இல்லை. 1981-ல் யெஸ் கலைந்துவிட்டது. ஸ்கொயரும் ஒயிட்டும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த டிரெவர் ராபின் என்ற கிடார் கலைஞரோடும் பழைய டோனி கேயோடும் சேர்ந்து 'சினிமா' என்ற பெயரில் வேறு குழுவே தொடங்கினார்கள். வேலை பெரும்பாலும் முடிந்த நிலையில் ஆண்டர்சன் வந்து பாடினார். அவர் குரல் சேர்ந்ததும் அது யெஸ் ஆனது. ஆல்பத்தின் பெயர் இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டியல் எண். தயாரிப்பாளர், 'டிராமா'வில் பாடிய அதே டிரெவர் ஹார்ன்.

1984 ஜனவரியில் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. யெஸ்ஸுக்கு அந்த இடம் கிடைத்தது அந்த ஒரு முறைதான். 1972-ன் யெஸ்ஸை எதிர்பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம். ஆனால் 'சேஞ்சஸ்' பாட்டின் தொடக்கத் தாளத்தைக் கைத்தட்டி எண்ணிப் பாருங்கள், அது சாதாரண பாப் பாட்டில் வராது. அடுத்து 1987-ல் வந்த 'பிக் ஜெனரேட்டர்' அதே பாணியைத் தளர்ந்த கையோடு தொடர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

சரி, மிக மோசமான ஆல்பம் எது?

ரசிகர்கள் மூன்று பெயர்களுக்குள்தான் சுற்றுவார்கள்: 'யூனியன்', 'ஓப்பன் யுவர் ஐஸ்', 'ஹெவன் அண்ட் எர்த்'.

என்னைப் பொறுத்தவரை 'யூனியன்', 1991. அட்டையைப் பார்த்தால் கனவு நிறைவேறிய மாதிரி இருக்கும். ஆண்டர்சன், ஸ்கொயர், ஹோ, வேக்மன், ப்ரூஃபோர்ட், ஒயிட், ராபின், கே என்று எட்டுப் பேர். உள்ளே நடந்தது வேறு. ஆண்டர்சன், ப்ரூஃபோர்ட், வேக்மன், ஹோ நால்வரும் தனிக்குழுவாகச் செய்துகொண்டிருந்த ஆல்பமும், ராபின் தரப்பினர் வைத்திருந்த சில பாடல்களும் ஒன்றாக ஒட்டப்பட்டன. எட்டுப் பேரும் சேர்ந்து வாசித்த பாட்டு ஒன்றுகூட இல்லை. அதைவிடக் கொடுமை, ஹோவும் வேக்மனும் வாசித்த பகுதிகள் பலவற்றை எடுத்துவிட்டு, கூலிக்கு அமர்த்திய வேறு கலைஞர்களை வைத்து மறுபடி வாசிக்க வைத்தார்கள். கேட்டால் கண்ணீர் வருகிறது என்பதால் வேக்மன் இதை 'ஆனியன்' என்றே அழைக்கிறார். ஸ்டீவ் ஹோவின் பெயர் போட்ட ஆல்பத்தில் அவருடைய கிடாரைத் தேடித் தேடிக் கேட்க வேண்டியிருப்பதை ஒரு ரசிகனாக என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் தனியாக வாசித்த 'மாஸ்கரேட்' மட்டும் பிழைத்தது.

'ஓப்பன் யுவர் ஐஸ்', 1997. பெரும்பகுதி ஸ்கொயரும் அப்போது குழுவில் இருந்த பில்லி ஷெர்வுட்டும் வேறொரு திட்டத்துக்காக வைத்திருந்த பாடல்கள். ஹோ பின்னால் வந்து சேர்ந்தவர் மாதிரியே ஒலிக்கிறார். குரல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கின்றன, அடியில் மெட்டு இல்லை.

'ஹெவன் அண்ட் எர்த்', 2014. ஜான் டேவிசன் பாடியது. அவர் நல்ல பாடகர், குறை அவருடையதில்லை. பாட்டுக்குப் பாட்டு வேகமே எடுக்காமல் தவழ்கிறது. ஸ்கொயரையும் ஒயிட்டையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு தாளமா என்று இருக்கும். 2015 ஜூனில் ஸ்கொயர் இறந்துவிட்டார். அவர் வாசித்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுவாக அமைந்ததில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

கடைசி வரிசையில் அநியாயமாக மாட்டிக்கொண்ட ஆல்பம் உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று 1994-ன் 'டாக்'. நாடாவில் பதியாமல் கணினியின் ஹார்டு டிஸ்க்கிலேயே பதிவு செய்த ஆரம்பகால ராக் ஆல்பங்களில் ஒன்று. விற்கவில்லை, வெளியிட்ட சிறு நிறுவனமும் நீடிக்கவில்லை. ஆனால் கடைசிப் பாட்டான 'எண்ட்லெஸ் ட்ரீம்', ராபினுக்கு நீளப் பாட்டு வராது என்று சொன்னவர்களுக்குச் சரியான பதில்.

இன்னொன்று 2001-ன் 'மேக்னிஃபிகேஷன்'. கீபோர்டு கலைஞர் இல்லாத நிலையில், வேறு ஒருவரைத் தேடாமல், லாரி குரூப்பே அமைத்த முழு ஆர்கெஸ்ட்ராவை அந்த இடத்தில் வைத்தார்கள். 1970-ன் 'டைம் அண்ட் எ வேர்ட்' ஆல்பத்திலும் ஆர்கெஸ்ட்ரா உண்டு, அங்கே அது கிடாரை மூழ்கடித்தது. இங்கே குழுவோடு சேர்ந்து மூச்சு விடுகிறது. இவற்றுக்கு நடுவில் வந்த 'தி லேடர்' நல்ல முயற்சி. அதன் 'ஹோம்வேர்ல்ட்' பாட்டை அதே பெயருள்ள கணினி விளையாட்டிலும் கேட்கலாம்.

மேடைப் பதிவுகளைப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்த்தால் ஸ்டுடியோ ஆல்பங்களுக்கு ஆபத்து. 1973-ல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த 'யெஸ்சாங்ஸ்' பலருக்கு எல்லாவற்றிலும் சிறந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இறுதிப்பகுதி ஒலித்து முடியவும் குழு 'சைபீரியன் காத்ரு'வில் பாயும் இடம் ஒன்று போதும். ஒலித்தரம் மங்கல்தான். ஆகவே தனியாக வைப்பதே நியாயம்.

பழைய பதிப்பா, ஸ்டீவன் வில்சன் மறுகலவையா?

'தி யெஸ் ஆல்பம்' முதல் 'ரிலேயர்' வரை ஐந்து ஆல்பங்களை 2013-க்கும் 2016-க்கும் இடையில் இசைக்கலைஞர் வில்சன் மறுகலவை செய்தார், அதாவது பழைய ஒலிப்பதிவுகளை எடுத்துப் புதிதாகக் கலந்தார். 'ரிலேயர்', 'டேல்ஸ்' இரண்டுக்கும் மறுகலவையைப் பரிந்துரைக்கிறேன், நெரிசலில் புதைந்திருந்த பேஸும் கீபோர்டும் வெளியே வருகின்றன. 'ஃப்ராஜைல்' பழையதே போதும்.

உங்கள் முழு வரிசையைச் சொல்லிவிடுங்கள்.

மேலிருந்து: 'குளோஸ் டு தி எட்ஜ்', 'ரிலேயர்', 'டேல்ஸ்', 'ஃப்ராஜைல்', 'தி யெஸ் ஆல்பம்', 'கோயிங் ஃபார் தி ஒன்', 'டிராமா', '90125', 'மேக்னிஃபிகேஷன்', 'டாக்'. அடியிலிருந்து: 'யூனியன்', 'ஓப்பன் யுவர் ஐஸ்', 'ஹெவன் அண்ட் எர்த்'. நடுவில் இருப்பவற்றின் இடம் கேட்கும் நாளைப் பொறுத்து மாறும். ஸ்கொயர் இல்லாமல் வந்த ஆல்பங்களில் 'மிரர் டு தி ஸ்கை' எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, ஹோ இன்னும் கூர்மையாக வாசிக்கிறார்.

ஒன்றுமே கேட்டதில்லை. எங்கே தொடங்குவது?

பட்டியலின் முதலிடத்தில் தொடங்காதீர்கள். 1971-ன் 'தி யெஸ் ஆல்பம்' எடுத்துக்கொள்ளுங்கள். ஹோ சேர்ந்த முதல் ஆல்பம், மெட்டுகள் உடனே பிடிபடும், பாடல்கள் நீளமானாலும் வழி தவறாது. 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்' கடைசிப் பகுதியில் மூன்றே சுரக்கட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து பெரிதாகிக்கொண்டே போகும், அது பிடித்துவிட்டால் மீதி எல்லாம் பிடிக்கும். அடுத்து 'ஃப்ராஜைல்', பிறகு 'குளோஸ் டு தி எட்ஜ்'. அங்கிருந்து 'ரிலேயர்' போகலாம். 'டேல்ஸ்' கேட்கும்போது ஒரே நாளில் நான்கு பக்கமும் வேண்டாம். முதலில் முதல் பக்கம், இன்னொரு நாள் நான்காவது, அப்புறம் நடுவில் உள்ள இரண்டும்.